போன ஊருக்கு என்ன கொடுத்தோம்?

(மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை)

"பாஸ்போர்ட் எடுத்தாச்சா?"

மூன்றாமாண்டு படிக்கிறவனைப் பார்த்தால் இப்போதெல்லாம் யாரும் "சாப்டியா?" என்று கேட்பதில்லை. இதைத்தான் கேட்கிறார்கள். மளிகைக்கடை அண்ணாச்சி கேட்டுவிட்டார். கோயில் பூசாரி கேட்டுவிட்டார். வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெரியம்மைகூட நிமிர்ந்து நின்று கேட்டுவிட்டாள். எடுத்தாச்சு நண்பர்களே, எடுத்தாச்சு! பீரோவில் அம்மாவின் பட்டுச்சேலைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. அக்கா கல்யாணத்துக்கு வைத்த நகையின் அடகுச் சீட்டும் அதே பீரோவில்தான் இருக்கிறது. சீட்டைத் திருப்ப வேண்டுமென்றால் பாஸ்போர்ட்டில் சீல் விழ வேண்டும். இதுதான் எங்கள் வீட்டுக் கணக்கு. உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் இதே கணக்குத்தான் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே, "வெளிநாட்டு மோகம் வேண்டாம்" என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. நானே போகப்போகிறவன். "பிறந்த மண்ணை மறவாதே, சம்பாதித்ததில் ஊருக்குத் திருப்பிக் கொடு" என்றும் எழுதப்போவதில்லை. அதை இந்த மலரில் வருஷாவருஷம் யாராவது ஒருவர் எழுதத்தான் செய்கிறார்கள். நம் பக்கத்து ஆட்களுக்கு அதைச் சொல்லித்தரவும் வேண்டாம். கோயில் கொடை நோட்டீசைப் பிரித்தால் பாதிப் பெயருக்குப் பக்கத்தில் துபாய், மஸ்கட், சிங்கப்பூர் என்றுதான் இருக்கிறது.

என் கேள்வி வேறு. நாம் போகிறோமே, அந்த ஊர்! நமக்குத் தண்ணீரும் நிழலும் சம்பளமும் கொடுக்கிற அந்த ஊருக்கு நாம் என்ன கொடுக்கிறோம்?

"அவன் ஊருக்கு நாம எதுக்குவே கொடுக்கணும்?" என்று என் பெஞ்சுக்காரன் கேட்டான். நியாயமான கேள்விதான். இந்த யோசனை எனக்கு வந்ததற்குக் காரணம் நான் பிறந்த ஊர். வெளிநாட்டுக்காரன் வந்து போனால் ஒரு ஊருக்கு என்ன ஆகும் என்று நூற்றைம்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிற ஊர் அது. ஆதிச்சநல்லூர்.

பஸ்ஸில் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும்போது கருங்குளம் தாண்டியதும் ரோட்டோரம் செம்மண் மேடு ஒன்று தெரியும். நாங்கள் பரம்பு என்போம். 114 ஏக்கர். கீழே முழுக்கத் தாழிகள். இறந்தவர்களை, அவர்கள் புழங்கிய பாத்திரம், இரும்புக் கருவிகளோடு வைத்துப் புதைத்த முதுமக்கள் தாழிகள். சின்ன வயசில் எங்களுக்கு அது ஆடு மேய்க்கிற இடம், பட்டம் விடுகிற இடம், அவ்வளவுதான். கறுப்பு சிவப்பு ஓட்டுச்சில்லைப் பொறுக்கிச் சில்லு விளையாடியிருக்கிறோம். அது மூவாயிரம் வருஷத்துச் சில்லு என்று எந்தப் பிள்ளைக்குத் தெரியும்?

1876-இல் பெர்லினிலிருந்து ஜாகர் என்று ஒரு அறிஞர் வந்தார். சாதாரண ஆள் இல்லை. உலகம் சுற்றியவர், பிலிப்பைன்ஸ் தீவுகளைப் பற்றி 1873-இல் பெரிய பயணப் புத்தகம் எழுதியவர். திருநெல்வேலி கலெக்டரும் கூட வந்தார். பரம்பைத் தோண்டினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட விதமான மண்பாண்டங்கள், இரும்பு வாள், கத்தி, கோடாரி, எலும்புகள், மண்டையோடுகள் எல்லாம் கிடைத்தன. கட்டி எடுத்துக்கொண்டு பெர்லின் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டார். 1903, 1904 வாக்கில் லாப்பிக் என்ற பிரெஞ்சுக்காரர் வந்தார். அவர் பங்கு பாரீசுக்குப் போனது.

நடுவில் வந்தவர் அலெக்சாண்டர் ரீ. தொல்லியல் துறை அதிகாரி, இவரும் வெள்ளைக்காரர்தான். 1899-இல் தொடங்கி 1905 வரை தோண்டினார். தங்க நெற்றிப்பட்டம், வெண்கலச் சாமான்கள், இரும்பு ஆயுதங்கள் என்று ஆயிரக்கணக்கில் எடுத்தார். அதெல்லாம் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. ஆனால் அவர் ஒரு காரியம் செய்தார். எடுத்ததையெல்லாம் எண் போட்டு, என்ன பொருள் என்று எழுதினார். அது 1915-இல் புத்தகமாக அச்சாகி வந்தது. இன்றைக்கு ஆதிச்சநல்லூர்ப் பையன் ஒருவன் "என் ஊரில் என்ன கிடைத்தது?" என்று கேட்டால் பதில் சொல்ல அந்தப் பட்டியல் இருக்கிறது.

எடுத்தவர் இரண்டு பேருந்தான். ஒருவர் எடுத்ததற்குக் கணக்கு வைத்துவிட்டுப் போனார். இன்னொருவர் விட்டுப்போனது எங்கள் ஊரில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. (ஜாகரை மட்டும் திட்டினால் பாவம். அவர் வந்ததால்தான் இந்த இடத்தின் பெயர் வெளியே தெரிந்தது, அதையும் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் மட்டும் என்ன? 2004, 2005-இல் இந்தியத் தொல்லியல் துறையே தோண்டி 150-க்கும் மேற்பட்ட தாழிகளைக் கண்டது. அந்த அறிக்கைக்கு வருஷக்கணக்காகக் காத்திருந்து, கடைசியில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரை போக வேண்டியிருந்தது!)

அதே 1876. இதைக் கொஞ்சம் கவனியுங்கள். அதே வருஷம் எங்கள் மாவட்டத்துக்கு இன்னொரு வெளிநாட்டுக்காரரும் வந்தார். ஆர்தர் மர்காஷிஸ். நாசரேத்துக்கு வந்தார். அவர் வந்த நேரம், தென்னிந்தியாவையே உலுக்கிய தாது வருஷப் பஞ்சம். பெற்றோரை இழந்த பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்றியதோடு நிற்காமல், "நாளைக்கு இவன் எதை வைத்துப் பிழைப்பான்?" என்று யோசித்து 1878-இல் ஒரு கைத்தொழில் பள்ளியைத் தொடங்கினார். நாம் இன்று ஒர்க்ஷாப்பில் அரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோமே, அதற்கெல்லாம் நம் பக்கத்தில் முன்னோடி அது என்றுகூடச் சொல்லலாம். 1908-இல் நாசரேத்திலேயே இறந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் அங்கேயே கிடந்தார்.

"அவர் மதம் பரப்பத்தானே வந்தார்?" என்பீர்கள். ஆமாம், அதற்குத்தான் வந்தார். ஒளித்துச் செய்யவில்லை. நான் அந்த விவாதத்துக்குள் போகவில்லை. எந்த எண்ணத்தோடு வந்தார் என்பதை அவரவர் கருத்துப்படி எடைபோடுங்கள். உளி பிடிக்கக் கற்றுக்கொண்ட பையனின் கையில் உளி நின்றதா இல்லையா? அதுதான் எனக்கு முக்கியம்.

இன்னும் பின்னால் போனால் புன்னைக்காயல். போர்த்துக்கீசியர் இந்தக் கரைக்கு வந்தது முத்துக்காக. முத்தை அள்ளியவர்களின் பெயரெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? அந்தக் கூட்டத்தோடு வந்த அன்றீக்கு அடிகளாரின் பெயர் இருக்கிறது. காரணம், அவர் முதலில் உட்கார்ந்து தமிழ் படித்தார். தமிழுக்கு இலக்கணம் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. 1586-இல் புன்னைக்காயலிலேயே 'அடியார் வரலாறு' அச்சானது. இந்திய மொழிகளிலேயே முதலில் அச்சு எழுத்தைக் கண்டது நம் தமிழ்! அதற்குக் காரணமானவர் ஊர் மொழியைக் கற்றுக்கொண்ட ஒரு வெளியூர்க்காரர்.

நான் சரித்திர வகுப்பு எடுக்கவில்லை நண்பர்களே. எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

பரம்பைப் பார்க்க அவ்வப்போது வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். எனக்கு எட்டு, ஒன்பது வயசு இருக்கும். ஒரு தடவை வேனில் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். ஒருத்தர் பையைத் திறந்து பேனா கொடுத்தார். நீலமூடிப் பேனா. பத்துப் பிள்ளைகள், ஆறு பேனா! அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டுமா? என் சட்டைப் பித்தான் போனது. மாடசாமி கோயில் திருப்பத்தில் இருக்கிற ஒரு பையனுக்கு உதடு கிழிந்தது. வேனிலிருந்து அதையும் போட்டோ பிடித்தார்கள். அன்றிலிருந்து யார் சிவப்பாக வந்து இறங்கினாலும் நாங்கள் "பென்! பென்!" என்று பின்னாலேயே ஓடினோம். அதுவரைக்கும் கேட்டு வாங்கிப் பழகாதவர்கள் நாங்கள். அந்த மனுசர் நல்லெண்ணத்தில்தான் கொடுத்திருப்பார். ஊருக்குப் போய், "ஏழைப் பிள்ளைகளுக்கு உதவினேன்" என்று சந்தோஷப்பட்டும் இருப்பார். எங்களுக்கு மிஞ்சியது கையேந்தும் பழக்கம்.

இன்னொரு தடவை ஒரு பெண் தனியாக வந்தாள். இருபத்தைந்து வயசு இருக்கும். வெயில் தாங்காமல் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாள். ஆச்சி மோர் கொடுத்தாள். அவள் காசை எடுக்க, ஆச்சி கையைத் தட்டிவிட்டு, "மோருக்குத் துட்டு வாங்கினா மாடு பால் சுரக்குமாட்டி?" என்றாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சிரித்தாள். பர்ஸை உள்ளே வைத்துவிட்டு, சைகையால் கேட்டு ஆச்சியை ஒரு போட்டோ எடுத்தாள். வீட்டு விலாசத்தை என்னை எழுதித் தரச் சொன்னாள். எல்லோரும் வாங்குகிற விலாசந்தான், யாரும் அனுப்பியதில்லை. அதனால் நாங்களும் மறந்துவிட்டோம்.

மூன்று மாதம் கழித்துத் தபால்காரர் ஒரு கனமான கவர் கொண்டுவந்தார். இத்தாலி ஸ்டாம்பு. உள்ளே ஆச்சியின் படம் பெரிதாக, அட்டை வைத்து, மடங்காமல். பாம்படம் ஆடுகிற மாதிரியே இருந்தது. ஆச்சி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது நானாலே?" என்று கேட்டாள்.

போன வருஷம் ஆச்சி இறந்துபோனாள். மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டுமே! ஆதார் அட்டையில் உள்ளதைப் பார்த்தால் அது ஆச்சி என்று ஆச்சியே ஒத்துக்கொள்ள மாட்டாள். அந்த இத்தாலிப் படத்தைத்தான் சட்டம் போட்டு வைத்திருக்கிறோம். ஒரு டம்ளர் மோருக்கு அந்தப் பெண் திருப்பிக் கொடுத்தது அது. அவள் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

கொடுக்கிறவன் கணக்குக் கேட்பதில்லை என்பது இன்னொரு தடவையும் எனக்குத் தெரிந்தது. 2023 டிசம்பர் 17, 18. அந்த மழையை நம் மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. அன்று ராத்திரி திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுவிட்டது. அதற்கு மேல் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணும் ஜல்லியும் அடித்துக்கொண்டு போய்விட்டது. உள்ளே சுமார் 800 பேர். கொஞ்சப் பேரைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக முடிந்தது. மற்றவர்கள் ரயிலிலேயே இரண்டு ராத்திரி. சுற்றிலும் வெள்ளம். பக்கத்தில் இருக்கிற புதுக்குடி ஜனங்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுப் பொங்கிக் கொடுத்தார்கள். அவர்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர்! நான் அப்போது முதலாண்டு. எங்கள் ஊரில் நாங்களே மாட்டைக் கரையேற்றிக்கொண்டிருந்தோம். தண்ணீர் வடிந்தபிறகு புதுக்குடியில் ஒரு அண்ணாச்சியிடம், "எத்தனை கிலோ அரிசி ஆச்சு?" என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பசிச்சவனுக்குப் போட்டதை எவம்லே எடைபோட்டான்?"

இதுதான் நண்பர்களே சிக்கல். சோறு போட்ட ஊர் ஒருநாளும் பில் அனுப்பாது. அதனால் வந்து போனவன் பாக்கி இல்லை என்று நினைத்துக்கொள்கிறான்.

இதுவரை நாம் வீட்டுக்காரர். இனி விருந்தாளி. நம் ஆட்கள் வெளியே போய் எப்படி நடந்துகொண்டார்கள்?

1819-இல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து சிங்கப்பூர் போனவர் நாராயண பிள்ளை. அப்போது சிங்கப்பூரில் ஒன்றும் இல்லை. ஊர் எழும்பப்போகிறது, வீடு கட்டச் செங்கல் வேண்டும் என்று கண்டுகொண்டு சூளை போட்டார். ஆமாம், சிவில் துறை நண்பர்களே, சூளை! வியாபாரந்தான், சேவை இல்லை. ஆனால் அந்த ஊருக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது அதுதான். துணிக்கடை தீப்பிடித்து நஷ்டப்பட்டார், மறுபடியும் எழுந்தார். 1827-இல் அவர் மரத்தாலும் ஓலையாலும் எழுப்பிய மாரியம்மன் கோயில் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இன்றும் கோபுரத்தோடு நிற்கிறது. கப்பலில் புதிதாக வந்து இறங்கியவர்கள் வேலை கிடைக்கும் வரை அண்டி இருக்க அந்தக் கோயில் இடம் கொடுத்தது.

பர்மாவையும் பார்க்க வேண்டும். நல்லதை மட்டும் பேசினால் அது கட்டுரை இல்லை, வாழ்த்து மடல். செட்டிநாட்டுக்காரர்கள் பர்மா விவசாயிக்குக் கடன் கொடுத்தார்கள். காடாகக் கிடந்த ஐராவதிப் படுகை நெல் விளையும் பூமியானதில் அந்தப் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போனவர்களும் இல்லை. பணம் திரும்பி வந்தால் போதும் என்பவர்கள். ஆனால் 1930-இல் உலகமெங்கும் மந்தம் வந்து நெல் விலை சரிந்தது. கடனைக் கட்ட முடியாதவன் நிலம் கடன் கொடுத்தவன் கைக்கு வந்தது. 1930-களின் கடைசியில் கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் கால் பங்கு நிலம் அப்படிக் கைமாறியிருந்தது. கணக்குப் புத்தகத்தின்படி எல்லாம் சரி. ஆனால் தன் வயலிலேயே குத்தகைக்காரனாக நின்ற பர்மாக்காரன் அந்தப் புத்தகத்தைப் படித்துப் பார்ப்பானா? 1942-இல் ஜப்பான் படை வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து நடந்தே ஓடிவந்தார்கள். 1963, 1964-இல் வங்கி, கடை என்று எல்லாவற்றையும் அங்கே நாட்டுடைமை ஆக்கியபோது மிச்சம் இருந்தவர்களும் கப்பல் ஏறினார்கள். அடிபட்டவர்களில் வட்டிக்கே கொடுக்காத கூலிக்காரர்கள்தான் அதிகம். அதுதான் கொடுமை. நாலு பேர் எப்படி நடந்தார்கள் என்பதை வைத்துத்தான் ஒரு ஊர் நாற்பதாயிரம் பேரை எடைபோடுகிறது.

என் பெஞ்சுக்காரன் கேள்விக்கு இப்போதுதான் வருகிறேன். அவன் கேட்டதையே என் சித்தப்பா இன்னும் உறைக்கிற மாதிரி கேட்டார். அவர் ஐ.டி.ஐ. ஃபிட்டர். 2009-இல் துபாய் போனவர். போனில் நான் இந்தக் கட்டுரை விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "ஏலே, காலைல நாலரைக்குப் பஸ் ஏறுதேன். ராத்திரி ஏழரைக்கு ரூமுக்கு வாரேன். ஒரு ரூம்ல எட்டுப் பேரு. அந்த ஊர்க்காரன் மூஞ்சியப் பாத்தே வருஷம் ஆச்சு. நம்மள மனுசனாட்டம் ஒரு பார்வை பாக்க ஆள் இல்ல. இதுல நான் என்னத்தத் திருப்பிக் கொடுக்க? என் முதுகெலும்பைத்தான் கொடுத்திருக்கேன், போதாதா?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. உண்மைதானே! சுற்றிப்பார்க்கப் போகிறவனுக்கும், பங்களா எடுத்துத் தங்கப் போகிறவனுக்கும் சொல்ல வேண்டியதை, கடன் வாங்கி விசா எடுத்து வெயிலில் பைப் தூக்கப் போகிறவனிடம் எப்படிச் சொல்வது? அவன் கட்டிய கட்டடத்துக்குள் அவனையே விடமாட்டார்கள். அவனிடம் போய், "அந்த ஊருக்கு என்ன கொடுத்தாய்?" என்று கேட்பது அநியாயம். இந்த இடத்தில் கட்டுரையையே விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் சும்மா இருந்தேன்.

அப்புறம் சித்தப்பாவே ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு பேச்சில் ஒன்றைச் சொன்னார். அவர் ரூமில் ஒரு நேபாளப் பையன் இருந்தானாம். ஹெல்பராக வந்தவன். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் சிமெண்ட் சாக்குக் காகிதத்தில் வரைந்து வரைந்து அவனுக்குச் சித்தப்பா பைப்பிங் ஐசோமெட்ரிக் டிராயிங் படிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். (ஆமாம், முதலாண்டில் நம்மில் பாதிப் பேரை அரியர் வைக்க வைத்த அதே ஐசோமெட்ரிக்!) ஒன்றரை வருஷத்தில் அவன் ஃபிட்டர் ஆகிவிட்டான். 2015 ஏப்ரலில் நேபாளத்தில் பூகம்பம் வந்து அவன் வீடு விழுந்தபோது, அந்த ரூம்காரர்கள் எட்டுப் பேரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவனை ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள். 2023-இல் நம் பக்கம் வெள்ளம் வந்ததே, சித்தப்பாவுக்கு வந்த முதல் போன் அவனுடையது. அப்போது அவன் கத்தாரில். "சாமி, உன் ஊர்ல தண்ணின்னு டி.வி.ல காட்டுதான். வீட்ல எல்லாரும் இருக்காங்களா?"

"இதையல்லவா சித்தப்பா நான் கேட்டேன்!" என்றேன். "இது என்னலே பெரிய விஷயம், ஒரே ரூம்ல கிடக்கோம்" என்றார்.

அந்த நாட்டு அரசனுக்கோ முதலாளிக்கோ நாம் ஒன்றும் பாக்கி இல்லை. ஊர் என்றால் பக்கத்துக் கட்டிலும் ஊர்தான். மெஸ்ஸில் சப்பாத்தி போடுகிற வங்காளதேசத்துக்காரனும் ஊர்தான். நம் கையில் பணம் இல்லாமல் இருக்கலாம், தொழில் இருக்கிறது. டிப்ளமோக்காரனுக்கு டிராயிங் படிக்கத் தெரியும், வெர்னியர் பிடிக்கத் தெரியும், மோட்டார் ஏன் சூடாகிறது என்று தெரியும். ஆறு மாதத்தில் ஒரு ஆளுக்கு ஒரு வேலை சொல்லிக்கொடுக்க முடியாதா? மர்காஷிஸ் பள்ளிக்கூடமே வைத்தார். சித்தப்பாவிடம் சிமெண்ட் சாக்குத்தான் இருந்தது.

நான் ஏதோ யோக்கியன் மாதிரி பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். போன வருஷம் நாம் கொடைக்கானல் டூர் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? வெளிநாடுகூட இல்லை, இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். இலவச போட்டோவுக்கு ஒரு மலைக்காரப் பெரியவரைப் பிடித்து நிறுத்தினோம், அனுப்பினோமா? கேரட் விற்ற அம்மாவிடம் அஞ்சு ரூபாய்க்குப் பேரம் பேசினோம். அடுத்த கடையில் நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு கப் காபி குடித்தபோது பேரம் பேசினோமா? ராத்திரி பதினொன்றரை வரை ஸ்பீக்கர் வைத்து ஆடினோம். காலையில் நாம் தங்கிய இடத்தில் சமைக்கிற அக்கா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "தம்பி, நல்லாத் தூங்கினீங்களா? எம் பிள்ளைக்கு இன்னைக்குப் பரீட்சை, பாவம் கண்ணு எரியுதுங்குறான்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு அந்த டீ இறங்கவில்லை. ஸ்பீக்கர் என்னுடையது.

அந்தப் பையன் என்ன வகுப்பு என்றுகூட நாம் கேட்கவில்லை. நாற்பத்திரண்டு டிப்ளமோ மாணவர்கள் போயிருந்தோம். கணக்கில் ஒரு பாடம் சொல்லிக்கொடுக்க அதில் ஒருத்தன் இருந்திருக்க மாட்டானா?

இந்த வருஷ டூர் கமிட்டிக்கு என் கோரிக்கை இரண்டே இரண்டு. பத்து மணிக்கு மேல் பாட்டு வேண்டாம். போகிற ஊரில் சாப்பாடு, டீ, வண்டி எல்லாம் அந்த ஊர்க்காரர் கையில் வாங்குவோம். சரவணா பஸ்ஸில் கட்டுச்சோறும் தண்ணி பாட்டில் கேஸும் இங்கிருந்தே ஏற்றிப் போய் அங்கே குப்பையை மட்டும் இறக்கிவிட்டு வர வேண்டாம். இதை யூனியன் கூட்டத்திலும் சொல்லப்போகிறேன். கிண்டல் பண்ணுவீர்கள், பரவாயில்லை.

வெளிநாடு போகிறவர்களுக்கு யூனியன் வழியனுப்பு விழா வைத்து சால்வை போடுகிறது. சால்வைக் காசில், போகிற ஊர் மொழியில் ஐம்பது வார்த்தை அச்சடித்த அட்டை ஒன்று கொடுத்தால் என்ன? வணக்கம், நன்றி, மன்னிச்சுக்கோங்க, உங்க பேரு என்ன, பிள்ளைங்க சௌக்கியமா. அரபு, மலாய், ஜெர்மன் மூன்று போதும். போன சீனியர்கள் போனில் சொன்னால் நாம் தமிழில் எழுதிவிடலாம். முத்துக்காக வந்த கூட்டத்தில் ஒருவர் பெயர் மட்டும் நின்றதே, மொழி படித்தவர் என்பதால் நின்றது.

ஜெர்மன் என்றதும் ஞாபகம் வருகிறது. நம் வகுப்பிலேயே இரண்டு பேர் திருநெல்வேலிக்குப் போய் ஜெர்மன் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி பெறும் திட்டத்தில் சேரப்போகிறார்களாம். அதில் ஒருத்தன் என் பெஞ்சுக்காரன். "அவன் ஊருக்கு எதுக்குவே கொடுக்கணும்?" என்று கேட்டானே, அவனேதான்.

மக்கா, உனக்கு ஒரு வேலை தருகிறேன். பரம்பில் இப்போது தொல்லியல் துறைக்காரர்கள் கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் திறந்தது. அதற்கு மேல் நின்று குனிந்து பார்த்தால் தாழிகள் புதைத்த இடத்திலேயே, அசையாமல் தெரியும். நீ ஊருக்கு வந்தபோது காட்டினேன் அல்லவா? நீ பெர்லின் பக்கம் போனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அருங்காட்சியகத்துக்குப் போ. 1876-இல் ஜாகர் ஆதிச்சநல்லூரிலிருந்து கொண்டுவந்தவை எங்கே என்று கேள். காட்சியில் வைத்திருக்கிறார்களா, உள்ளே அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்களா என்று விசாரி. ஜெர்மனிலேயே கேள், அப்போதுதான் மதிப்பார்கள். பார்க்க விட்டால் ஒவ்வொன்றையும் போட்டோ எடு. எடுத்ததை வாட்ஸ்அப்பில் போட்டு முடித்துவிடாதே. பெரிதாகப் பிரிண்ட் போட்டு, அட்டை வைத்து, மடங்காமல் ஆதிச்சநல்லூர் விலாசத்துக்குத் தபாலில் அனுப்பு.

தபால் செலவை நான் தந்துவிடுகிறேன்.